மீன் கணக்கு: காவேரிப்பாக்கம் ஏரியிலிருந்து சாத்தனூர் அணை வரை

ஆம்பூர் என்றால் பிரியாணி, சாத்தனூர் என்றால் மீன் வறுவல். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஆட்களிடம் இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் திருப்பத்தூர், சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாக வண்டி கட்டிக்கொண்டு அணைக்குப் போவார்கள். பூங்காவைச் சுற்றிப் பார்த்து, முதலைப் பண்ணையில் பிள்ளைகளைப் பயமுறுத்தி, கடைசியில் மசாலா தடவிய மீன் எண்ணெயில் பொரியும் கடை முன்னால் வந்து நிற்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஊருக்கு நடுவே பாலாறு. அந்த ஆற்றை நம்பி இரண்டு பக்கமும் சங்கிலி போலக் கோர்த்த ஏரிகள். இப்படிப்பட்ட மண்ணின் மக்கள் ஆற்று மீன் சாப்பிட இன்னொரு ஆற்றின் அணையைத் தேடிப் போகவேண்டி வந்தது ஏன்?

இதற்குப் பதில் தேடினால் ஆயிரத்து நானூறு ஆண்டு வரலாறு வருகிறது. அதில் பல்லவ ராஜா உண்டு, தூண்டிலும் கையுமாக அலைந்த வெள்ளைக்காரக் கலெக்டர் உண்டு, உச்ச நீதிமன்றமும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் நூல் ஒன்றுதான். அது கணக்கு. தண்ணீரில் இருக்கும் மீனை யாராவது கணக்கு வைத்த இடத்தில் அந்தத் தண்ணீருக்கு வந்த ஆபத்தும் வெளியே தெரிந்தது. கணக்கே இல்லாத இடத்தில் ஆறு செத்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஏரியும் பாசிப்பாட்டமும்

சோளிங்கர், அரக்கோணம் பக்கத்தில் மகேந்திரவாடி என்று ஓர் ஊர். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரே பாறையைக் குடைந்து பெருமாள் கோயில் எடுத்தான். அதிலுள்ள கல்வெட்டு, கோயில் இருக்கும் இடத்துக்கு அடையாளமாக அவன் பெயர் கொண்ட ஏரியைத்தான் சொல்கிறது. கோயிலுக்கு முகவரியே ஏரிதான்!

அதே வட்டாரத்தில் காவேரிப்பாக்கம் ஏரி. மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தோடு (9ஆம் நூற்றாண்டு) சேர்த்துப் பேசப்படுவது. அவனுடைய பட்டப்பெயரால்தான் அந்த ஊர் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று அழைக்கப்பட்டது. கரை மட்டும் 8 கிலோமீட்டருக்கு மேல். நிரம்பினால் ஏறக்குறைய ஒன்றரை டி.எம்.சி. தண்ணீர் பிடிக்கும். ஏரி என்று பெயர் இருந்தாலும் ஒரு சின்ன அணை என்றே சொல்லலாம். தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று இது. வாலாஜா அருகே 1850களில் வெள்ளைக்காரர்கள் பாலாற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு கட்டினார்கள். அங்கிருந்து பிரியும் கால்வாய்தான் இந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வருகிறது.

இந்த ஏரிகளை யார் பராமரித்தார்கள்? உத்திரமேரூர் கல்வெட்டை (முதலாம் பராந்தகன், கி.பி. 919, 921) பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. சரி, வாரியத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது? நிலக்கொடை, பொன்கொடை எல்லாம் உண்டு. அவற்றோடு இன்னொரு வரவும் இருந்தது. அதன் பெயர் பாசிப்பாட்டம், அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு வரும் பணம். அந்தப் பணத்தை ஏரியைச் செப்பனிடுவதற்கே செலவிட வேண்டும் என்ற ஏற்பாட்டைச் சொல்லும் கல்வெட்டுகள் உண்டு. இன்றைக்கும் "மீன்பாசி ஏலம்" என்று கிராமங்களில் சொல்கிறார்கள் அல்லவா, அந்தப் "பாசி"க்கு வயது ஆயிரம் ஆண்டுக்கு மேல்!

வணிகவியல் பாடத்து வார்த்தையில் சொன்னால் இது ஒரு மூடிய கணக்கு. ஏரியில் தண்ணீர் நின்றால் மீன், மீன் இருந்தால் குத்தகைப் பணம், பணம் வந்தால் தூர் வாரலாம், தூர் வாரினால் அடுத்த வருஷமும் தண்ணீர் நிற்கும். சொத்து கொடுத்த வருமானம் அந்தச் சொத்தின் தேய்மானத்துக்கே திரும்பிப் போனது. குத்தகைத் தொகை ஒரு வருஷம் விழுந்தால், ஏரியில் ஏதோ கோளாறு என்பது கணக்குப் பார்க்கிறவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

மீன் பிடித்த விதமும் எளிமைதான். மழைக்காலத்தில் மதகடியிலும் கலங்கலிலும் எதிர்நீச்சல் போட்டு ஏறும் கெண்டையைப் பிடிப்பார்கள். தண்ணீர் நின்ற மாதங்களில் தூண்டிலும் வீச்சு வலையும். கோடையில் ஏரி வற்றிச் சேறாகும்போது ஊரே உள்ளே இறங்கும். விரால், கெளுத்தி, குறவை, ஆரால் என்று கூடை நிறையும். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் மீன் குழம்புதான்.

கலெக்டர் கேம்ப்

நம் ஊர் அலுவலகங்களில் "ஐயா கேம்ப் போயிருக்கார்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதிகாரி வெளியூர் போயிருக்கிறார் என்று அர்த்தம். இன்றைக்கு அவர் தங்குவது விருந்தினர் மாளிகையில்தான். ஆனால் அந்தச் சொல் வந்தது நிஜமான கூடாரத்திலிருந்து. ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டரும் துணைக் கலெக்டரும் வருஷத்தில் பல வாரங்கள் கூடாரம், சமையல்காரர், குதிரை, மாட்டு வண்டி சகிதம் தாலுகா தாலுகாவாகச் சுற்றினார்கள். ஜமாபந்தி, வழக்கு, வாய்க்கால் பார்வை எல்லாம் அந்தக் கூடாரத்திலேயே நடந்தன. பக்கத்தில் ஏரியோ ஆறோ இருந்தால் தூண்டில் பிரியர்களுக்குச் சாயங்காலப் பொழுதும் போனது. ஏரிக்கரையில் கூடாரம் போட்டு மீன் பிடிப்பது என்று இப்போது சொல்லும் பொழுதுபோக்கு, நம் நாட்டில் அரசாங்க வேலையின் ஓரத்தில் பிறந்ததுதான்.

அப்படிச் சுற்றியவர்களில் முக்கியமானவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி, தென் கன்னட மாவட்டத்தில் கலெக்டராக இருந்தவர். இவர் 1873ல் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகம் இந்தியாவில் தூண்டில் போடுகிறவர்களுக்கு வேதம் மாதிரி ஆகிவிட்டது. 1887ல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொரு புத்தகம் எழுதினார். ஆற்றில் மகசீர் பிடிக்கப் போக வசதி இல்லாதவனுக்கும் ஊர்க் குளத்தில் ஆட்டம் உண்டு என்பது அதன் அடிப்படை.

தாமஸ் வெறும் விளையாட்டுக்காரர் இல்லை. பொடி மீன்கூடத் தப்ப முடியாத பொறிகளை வாய்க்காலிலும் வயல் மடையிலும் வைத்துக் குஞ்சு மீனை எல்லாம் வாரிவிடுகிறார்கள், இப்படியே போனால் ஆற்றில் மீன் இருக்காது என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அதே கவலை பிரான்சிஸ் டேக்கும் இருந்தது. மெட்ராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த டே, பிறகு மீன்வளத்துக்கான தலைமை ஆய்வாளர் ஆனார். மாவட்ட அதிகாரிகளிடமும் தாசில்தார்களிடமும் கேள்விகள் அனுப்பி, எங்கே என்ன மீன், கூடுகிறதா குறைகிறதா, என்ன வலை, என்ன விலை என்று பதில் வாங்கித் தொகுத்தார். 1873ல் அந்த அறிக்கை வெளிவந்தது. நன்னீர் மீனுக்காக நாடு தழுவி எடுத்த முதல் பெரிய கணக்கு என்றே அதைச் சொல்லலாம்.

இதெல்லாம் சேர்ந்துதான் 1897ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்து மீன் பிடிப்பது குற்றம். மீனைப் பிடிக்கும் அல்லது அழிக்கும் நோக்கத்தோடு தண்ணீரில் விஷமோ சுண்ணாம்போ கலப்பதும் குற்றம். இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். இதில் "நோக்கத்தோடு" என்ற வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1907ல் மெட்ராஸ் மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. அதைத் தொடங்கி நடத்தியவர் பிரடெரிக் நிக்கல்சன். வணிகவியல் மாணவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1895-97ல் இவர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. விவசாயியின் கடன் கணக்கைப் பார்த்த அதே மனிதர் மீனவனின் கணக்கையும் பார்க்க வந்தார் என்பது தற்செயல் இல்லை.

அணை வந்தது, மீன் மாறியது

1934ல் காவிரியில் மேட்டூர் அணை முடிந்தது. 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளளவு. ஊர்கள் மூழ்கின. கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதை இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். மேட்டூரில் பரிசலும் செவுள் வலையுமாக ஒரு புதுத் தொழிலே உருவானது. நீர் இறங்க இறங்க மீனவர்களின் ஓலைக் கொட்டகையும் கரையோடு கீழே இறங்கும், ஏற ஏற மேலே வரும். கலெக்டர் கேம்புக்கு அடுத்த கேம்ப் இது. ஆனால் பொழுதுபோக்குக்கு இல்லை, பிழைப்புக்கு.

அணை எதைக் கொடுத்ததோ அதோடு ஒன்றை எடுத்தும் கொண்டது. கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வரும் உல்லம் மீனுக்கு மேட்டூர் சுவர்தான் எல்லை என்று ஆனது. ஓடும் தண்ணீரில் வளர்ந்த காவிரிக் கெண்டை வகைகள் சில, நின்ற தண்ணீரில் குறைந்து போயின.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் பக்கத்துக்கும் அணை வந்தது. தென்பெண்ணை ஆற்றில் சாத்தனூர் அணை 1958ல் கட்டி முடிக்கப்பட்டது. அப்போது முதலமைச்சர் காமராஜர். அணையின் உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. இன்று அது திருவண்ணாமலை மாவட்டம். ஆனால் 1989ல் மாவட்டம் பிரியும்வரை எல்லாமே வட ஆற்காடுதான். வேலூரும் ஆம்பூரும் சாத்தனூரும் ஒரே கலெக்டரின் கீழ் இருந்தன.

அணை கட்டிய காலத்தையும் கவனிக்க வேண்டும். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1957 ஜூலை 10 அன்று, ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி ஒடிசாவில் ஒரு காரியம் செய்து காட்டினார். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகள் குளத்துத் தண்ணீரில் முட்டையிடாது. வெள்ளம் ஓடும் ஆறு வேண்டும். அதனால் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் அரித்து எடுப்பதுதான் ஒரே வழி. சௌத்ரி பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, கெண்டை மீனைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். ஜூலை 10 இன்றும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த ஊசிதான் கங்கைச் சமவெளிக் கெண்டைகளை நாடெங்கும் அணைகளுக்குக் கொண்டு சேர்த்தது. வருஷா வருஷம் குஞ்சு விட்டால்தான் அடுத்த வருஷம் வலையில் மீன். விடாவிட்டால் இல்லை. வங்கியில் போட்டு எடுப்பது மாதிரி!

இதற்கு நடுவில் 1952ல் வெளிநாட்டிலிருந்து திலாப்பியாவும் இந்தியாவுக்கு வந்துவிட்டது. நம் ஆட்கள் அதற்கு ஜிலேபி என்று பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்கா மீனுக்கு நம் ஊர்ப் பலகாரத்தின் பெயர். எந்தத் தண்ணீரிலும் பெருகும், யாரும் குஞ்சு விடவேண்டிய அவசியம் இல்லை.

1974ல் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. சாத்தனூர் போன்ற நீர்த்தேக்கங்களின் மீன்வளம் அதன் கைக்குப் போனது. குஞ்சு எத்தனை விட்டோம், மீன் எத்தனை கிலோ பிடித்தோம் என்று எழுத ஓர் ஏடு உருவானது. பழைய பாசிப்பாட்டம் போல வரவு முழுக்க அந்த நீருக்கே திரும்பவில்லை. ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அதனால்தான் சாத்தனூரில் இன்னமும் மீன் பொரிகிறது.

கணக்கு இல்லாத ஆறு

இப்போது பாலாற்றுக்கு வருவோம். பாலாறும் தென்பெண்ணையும் பிறந்தது ஒரே இடத்தில், கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லலாம். ஆனால் இரண்டுக்கும் வாய்த்தது வேறு வேறு விதி. 1903 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்து வாணியம்பாடியில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதற்கு நினைவுத் தூண்கூட அங்கே இருக்கிறது. அப்படிப்பட்ட ஆறு இன்று வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று ஆற்றங்கரை முழுக்கத் தோல் தொழில். முதலில் ஆவாரம் பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுசாய்ப் பதனிட்டு, செருப்பாகவும் பையாகவும் செய்து விற்றால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி அதிகம் வரும் என்பது கணக்கு. வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேலை கிடைத்தது. இன்றும் இந்தப் பகுதியின் சோறு அதிலிருந்துதான். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவியது. கழிவு நீர் நிலத்திலும் ஆற்றிலும் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எவரும் முதலில் படிக்கும் தீர்ப்புகளில் ஒன்று அது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர், சுமார் 170 வகை ரசாயனங்கள், 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்றெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பைக் கணக்கிடத் தனி ஆணையம். அந்த ஆணையம் 2001ல் 547 தொழிற்சாலைகளிடமிருந்து 26.82 கோடி ரூபாய் வசூலித்து, 29,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இழப்பீடு தர உத்தரவிட்டது.

நிலத்துக்குக் கணக்குப் போட்டார்கள். கிணற்றுக்குக் கணக்குப் போட்டார்கள். அது சரிதான், நியாயம்தான். நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, கிணற்றுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். ஆற்று மடுவில் தூண்டில் போட்டவனுக்கு என்ன பட்டா? கூடையில் குறவை பிடித்து விற்றவளுக்கு என்ன ரசீது? அவர்கள் இழந்ததை எந்த ஏட்டிலிருந்து எடுத்துக் காட்டுவது?

முன்னால் சொன்ன 1897 சட்டம் நினைவிருக்கிறதா? மீன் பிடிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஒரு சட்டி விஷம் கலந்த ஏழைக்கு இரண்டு மாதச் சிறை. தோல் பதனிடும் நோக்கத்தோடு விட்ட கழிவில் மீன் செத்தால் அந்தச் சட்டத்தில் இடமே இல்லை, ஏனென்றால் மீனைக் கொல்வது அங்கே நோக்கம் இல்லையே! தண்ணீருக்கான தனிச் சட்டம் வர 1974 ஆனது.

பொருளாதாரத்தில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். தயாரிப்பவரின் லாப நஷ்டக் கணக்கில் ஏறாத செலவு. அது யாருடைய கணக்கிலாவது ஏறித்தான் ஆகவேண்டும். பாலாற்றில் அது ஏறியது கணக்கே எழுதாதவர்களின் தலையில்.

ஒரு கேம்ப் எழுதி வைத்த கணக்கு

கணக்கு எழுதினால் மட்டும் மீன் பிழைத்துவிடுமா என்று கேட்கலாம். காவிரியில் நடந்த கதை அதற்கு நல்ல பதில். இது தூண்டில் உலகத்தில் மிகப் புகழ்பெற்ற கதையும்கூட.

1946 மார்ச்சில், மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழில் நடத்திய வான் இங்கென் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 120 பவுண்டு (சுமார் 54 கிலோ) எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். பிறகு பல வருஷம் உலகம் காவிரியை மறந்தே போனது. இவ்வளவு பெரிய மகசீர் இனி இல்லை என்று நினைத்தார்கள். 1977-78ல் வந்த ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் மூன்று பேர் அது இன்னும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தொடர்ந்து கர்நாடக எல்லைக்குள், மேட்டூருக்கும் ஒகேனக்கலுக்கும் மேலே, பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமகாலி ஆகிய இடங்களில் மீன்பிடி கேம்ப்கள் வந்தன. கூடாரத்தில் தங்கு, மீனைப் பிடி, எடை பார், எழுதி வை, திரும்ப ஆற்றில் விடு. இதுதான் விதி. முன்பு வெடி வைத்து மீன் பிடித்தவர்கள் சிலர் அங்கே வழிகாட்டிகளாக வேலைக்குச் சேர்ந்து, வெடி வைப்பவர்களையே விரட்டினார்கள்.

வனவிலங்குச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்ற நிலைப்பாடு வந்ததால் 2012 வாக்கில் அந்தக் கேம்ப்கள் நின்றுபோயின. ஆனால் அவர்கள் எழுதி வைத்த நோட்டு மிஞ்சியது. 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட 6,000க்கும் மேற்பட்ட மகசீர்களின் கணக்கு அதில் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதைப் புரட்டியபோது அதிர்ச்சி. மீனின் எண்ணிக்கை குறையவில்லை, கூடத்தான் செய்திருக்கிறது. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மகசீர் குறைந்துகொண்டே வந்து, அதன் இடத்தை நீலத் துடுப்பு மகசீர் பிடித்துவிட்டது. நல்லெண்ணத்தோடு மகாராஷ்டிரப் பொரிப்பகத்தில் வளர்த்து, மகசீரைப் பெருக்குகிறோம் என்று ஆற்றில் விட்ட மீன் அது.

2018ல் திமில் மகசீருக்கு டார் ரெமாதேவியை என்ற சரியான அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலிலும் ஏறியது. பெயர் கிடைக்கும் முன்பே போயிருக்க வேண்டிய மீன். காப்பாற்றும் முயற்சிக்கு ஒரு வாய்ப்பாவது கிடைத்தது என்றால், அதற்கு அந்த நோட்டும் ஒரு முக்கியக் காரணம். மொத்தத்தை மட்டும் எழுதினால் போதாது, எந்த மீன் என்றும் எழுத வேண்டும் என்பது அந்த நோட்டு சொல்லிக்கொடுத்த பாடம்.

இனி?

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு, தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், மேற்பார்வைக்குக் குழு ஒன்று அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 வருஷம். அப்போது பிறந்த பிள்ளை இப்போது தோல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும்.

சாத்தனூருக்கும் ஆபத்து வராது என்று நிம்மதியாக இருக்க முடியாது. தென்பெண்ணை பெங்களூருப் பக்கத்துக் கழிவைச் சுமந்துகொண்டுதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை மலை போலப் பொங்கும் படத்தைச் செய்திகளில் பல முறை பார்த்திருக்கிறோம். அதே ஆறுதான் கீழே சாத்தனூருக்கு வருகிறது.

பாலாற்று மீன் எப்போது குறைய ஆரம்பித்தது, முதலில் போனது எந்த மீன் என்று சொல்ல ஊரில் வயதானவர்களின் ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது. தென்பெண்ணைக்கு அந்த நிலை வரக்கூடாது. ஏரிக்கு மீன்பாசி ஏலம் விடும்போது தொகையோடு மீனின் பெயரையும் எடையையும் எழுதலாம். ஏலப் பணத்தில் ஒரு பங்கு அந்த ஏரிக்கே திரும்ப வேண்டும் என்று கிராம சபையில் கேட்கலாம். உத்திரமேரூர்க்காரர்களுக்குப் புரிந்த கணக்கு, கால்குலேட்டர் வைத்திருக்கும் நமக்குப் புரியாதா என்ன?

அடுத்த முறை சாத்தனூரில் மீன் வறுவல் வாங்கும்போது, தட்டில் இருப்பது கட்லாவா, ரோகுவா, ஜிலேபியா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மீன் கணக்கு அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.